மலையேறும் டீசல் பிக்கப்புக்கு டேப்பெட் வைக்கும் முறை

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர்கேம்ப் வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடிவரும் பிக்கப் வண்டி, அங்கிருந்து குமுளிக்கு ஏறத் தொடங்கியதும்தான் தன் இன்ஜினின் உண்மையான நிலையைக் காட்டும். திராட்சைப் பெட்டியும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் இரண்டாம் கியருக்கு இறங்குகிறது என்றாலோ, வளைவில் வேகம் குறைந்த பிறகு மீண்டும் எடுக்கவே மாட்டேன் என்கிறது என்றாலோ, நம் ஊர் ஓட்டுநர் ‘இழுவை இல்லை’ என்பார். வண்டிப்பெரியாற்றிலிருந்து வருபவர் ‘வலிவில்லை’ என்பார். எந்தச் சொல்லால் சொன்னாலும், டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்த்து முடித்ததும் அடுத்துப் பார்க்க வேண்டியது வால்வு இடைவெளி, அதாவது பட்டறைப் பேச்சில் டேப்பெட். பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், சத்தம் வந்தால் மட்டுமே பார்க்கிறார்கள். அது தவறு என்பதையும், சரியாகப் பார்ப்பது எப்படி என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடப்படுவதற்குக் காரணம் வெப்பம். 100 மி.மீ. நீளமுள்ள ஓர் எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.36 மி.மீ. நீளும். இடைவெளியே விடாமல் வைத்தால், இன்ஜின் சூடானதும் நீண்டுவிட்ட தண்டு ராக்கரில் முட்டிக்கொள்ளும். வால்வு தன் சீட்டில், அதாவது மூடும்போது அது உட்காரும் வளையத்தில், முழுமையாக உட்கார முடியாது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை, சுமையோடு மேடு ஏறும்போது 600 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகவே சிலிண்டர் ஹெட்டுக்கும் அதைச் சுற்றியோடும் தண்ணீருக்கும் இறங்குகிறது. சீட்டைத் தொடாத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க வேறு பெரிய வழி இல்லை. அதன் ஓரத்தில் விழும் மயிரிழை இடுக்கில் எரியும் வாயு புகுந்து, கேஸ் கட்டர் இரும்பை அறுப்பதுபோல அந்த ஓரத்தை அரித்துவிடும்.

இடைவெளி அதிகமானால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும், காதில் விழும். வால்வு தாமதமாகத் திறந்து முன்கூட்டியே மூடும், திறப்பின் உயரமும் குறையும், காற்று போதாமல் புகை வரும், ராக்கரும், அதைத் தள்ளும் கேமும் அடிபட்டுத் தேயும். இவையெல்லாம் மெதுவாக நடப்பவை. ‘டக் டக்’ என்று சொல்லிவிட்டு நடப்பவை. குறைந்த இடைவெளி அப்படியல்ல. அது இன்ஜினை இன்னும் அமைதியாக்கும், ஓட்டுநருக்குத் திருப்தி தரும், வால்வு கருகும் நாள்வரை எதையும் காட்டாது. ஆகவே நான் பயப்படுவது சத்தம் போடும் டேப்பெட்டுக்கு அல்ல, சத்தமே போடாத டேப்பெட்டுக்கு.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியாக வேலை செய்யத் தொடங்கிய முதல் ஆண்டில், கேரளாவுக்குத் தக்காளி ஏற்றும் ஒரு வண்டியின் உரிமையாளர், “தம்பி, இந்தச் சத்தம் மட்டும் இல்லாம பண்ணிக் கொடுங்க, போதும்” என்று கேட்டார். 0.40 மி.மீ. இருக்க வேண்டிய எக்ஸாஸ்டை அவர் மனம் குளிர 0.20 வைத்துக் கொடுத்தேன். இன்ஜின் தையல் மெஷின்போல ஓடியது. நான் கேட்டதற்கு மேலேயே கூலி கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அதே வண்டி லோயர்கேம்ப் ஏற்றத்தில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, ஓரத்தில் கத்தரித்து எடுத்ததுபோல் ஒரு துண்டு இல்லாமல் இருந்தது. அந்த வால்வுக்கும் ஹெட் வேலைக்கும் பணம் வாங்காமல் செய்து கொடுத்தேன். அவருடைய தக்காளி லோடுக்கு என்னால் ஈடு செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு சத்தத்துக்காக ஒரு நாளும் புத்தகத்தில் உள்ள அளவைக் குறைத்ததில்லை.

எந்த இன்ஜினுக்கு இந்த வேலை உண்டு

முதலில் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். வால்வை அழுத்தும் அமைப்பு மூன்று வகையில் இருக்கும். ராக்கர் ஆர்மின் நுனியில் அட்ஜஸ்ட் செய்யும் திருகும் லாக் நட்டும் உள்ளது முதல் வகை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதற்கே உரியது. ராக்கரே இல்லாமல், கேம் நேராக ஒரு கிண்ணத்தின் மேல் அழுத்தி, அந்தக் கிண்ணத்தில் வைத்திருக்கும் ஷிம் என்ற தகட்டின் கனத்தை மாற்றி இடைவெளி வைப்பது இரண்டாம் வகை. ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளது மூன்றாம் வகை. ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜினில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜுக்கு வேலை இல்லை. அதில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் வரும் சத்தம் இயல்பானது. சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஆயிலின் தரத்தையும் அழுத்தத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஷிம் வகைக்கு ஒரு சிறு கணக்கு போதும். இப்போதுள்ள ஷிம்மின் கனத்தோடு நீங்கள் அளந்த இடைவெளியைக் கூட்டி, புத்தகத்தில் உள்ள இடைவெளியைக் கழித்தால் வரும் எண்ணே புதிய ஷிம்மின் கனம். 3.00 மி.மீ. ஷிம் இருக்கிறது, அளந்தால் 0.15 வருகிறது, 0.25 இருக்க வேண்டும் என்றால், 2.90 மி.மீ. ஷிம் போட வேண்டும். பழைய ஷிம்மை மைக்ரோமீட்டரால் அளந்துதான் கணக்குப் போட வேண்டும். அதன் மேல் பொறித்த எண்ணை நம்பக் கூடாது, தேய்ந்திருக்கலாம்.

அளவு எவ்வளவு என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. பல இன்ஜின்களில் எக்ஸாஸ்டுக்கு, காற்றை உள்ளே விடும் இன்லெட்டைவிடச் சற்று அதிகம் இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒன்றே. இசுசுவின் 4ஜேஏ1 இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் இரண்டு வால்வுகளுக்கும் 0.40 மி.மீ. என்பது ஓர் எடுத்துக்காட்டு. ‘பக்கத்துப் பட்டறையில் எல்லா டீசலுக்கும் இதையே வைக்கிறார்கள்’ என்ற பேச்சைக் கேட்டு வைக்காதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய மெக்கானிக்குகள் அங்குலக் கணக்கில் ‘பத்து தௌ’, ‘பன்னிரண்டு தௌ’ என்பார்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து தௌ என்பது 0.25 மி.மீ.; பன்னிரண்டு தௌ என்பது ஏறத்தாழ 0.30 மி.மீ. பத்து தௌ என்று காதில் வாங்கிக்கொண்டு 0.10 மி.மீ. தகட்டை எடுத்து வைத்துவிட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபீலர் கேஜின் தகட்டில் இரண்டு அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த எண்ணைப் படிக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் உறுதி செய்யுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

புத்தகம் குளிர்ந்த இன்ஜின் என்று சொன்னால், அதன் பொருள் இரவு முழுவதும் நின்ற இன்ஜின். மலையிறங்கி வந்த வண்டி இரண்டு மணி நேரம் நிழலில் நின்றால் கை பொறுக்கும்; ஆனால் ஹெட்டின் உள்சூடு அவ்வளவில் இறங்கிவிடாது. நான் வண்டியை முந்தைய நாள் மாலையிலேயே விட்டுப் போகச் சொல்லி, விடியற்காலையில் வேலையைத் தொடங்குகிறேன். சில இன்ஜின்களுக்குச் சூடான நிலையில் அளவு தரப்பட்டிருக்கும். அங்கே புத்தகம் சொல்வதே விதி.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். சாவி யார் கையிலாவது இருந்து, நீங்கள் புல்லியில் கை வைத்திருக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டர் சுழன்றுவிடக் கூடாது.

ராக்கர்களின் மேலுள்ள மூடியை, அதாவது ஹெட் கவரை, திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுக்கத் துடைத்து எடுங்கள். தேனி மாவட்டத்தில் ஆனியும் ஆடியும் வந்தால் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கும். திறந்த பட்டறையில் அந்த மாதங்களில் ஹெட் கவரைக் கழற்றினால் உள்ளே மண் விழுந்தே தீரும். ஒரு தார்ப்பாய் மறைப்பாவது கட்டிக்கொள்ள வேண்டும். பட்டறைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டை ஹெட்டுக்குள் பயன்படுத்தாதீர்கள். அதன் நூல் ஆயில் துளையை அடைக்கும். நூல் உதிராத சுத்தமான துணியை இதற்கென்று தனியாக வைத்திருங்கள்.

சில இன்ஜின்களில் இன்ஜெக்டர் பைப்புகள் மூடியின் மேல் ஓடும். அவற்றைக் கழற்றினால்தான் மூடி வரும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினாக இருந்தால் இங்கே மிகுந்த கவனம் வேண்டும். ரெயிலில் டீசல் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டிப் போகும். ஓடும் இன்ஜினில் அந்தப் பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். பழைய மெக்கானிக்கல் பம்பு இன்ஜின்களில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலுக்குக் கொண்டுவரவே கூடாது. இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கப் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கழற்ற வேண்டும். கழற்றிய பைப்பின் இரு முனைகளையும் இன்ஜெக்டர் வாயையும் உடனே சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள்.

ஹெட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டிய இன்ஜின் என்றால், அதை டேப்பெட் வைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். ஹெட் இறுகும்போது அதன் உயரம் சிறிது மாறி, வால்வு இடைவெளியும் மாறும். ஒருமுறை நீட்டி இறுக்கும் வகைப் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கவே கூடாது. எது எந்த வகை என்பது புத்தகத்தில் இருக்கும்.

சிலிண்டரை மேலே கொண்டுவருவது

கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். டீசலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, அதிகம் என்பதால் கை கனக்கும். குளிர் ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் குளோ பிளக் உள்ள இன்ஜினில் அவற்றைக் கழற்றிவிட்டால் எளிதாகச் சுழலும். கழற்றியதும் அந்தத் துளைகளைத் துணியால் மூடிவிடுங்கள், ஒரு நட்டு உள்ளே விழுந்தால் வேலை எங்கேயோ போய் முடியும். குறி தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள். இன்னொரு முறை சுற்றிக்கொண்டு வாருங்கள். பின்னுக்குத் திருப்பும்போது டைமிங் செயினோ பெல்ட்டோ தளர்ந்து இடம் மாறக்கூடும், புல்லி போல்ட்டும் கழன்றுவரலாம்.

புல்லியில் உள்ள குறி, டைமிங் கவரில் உள்ள முள்ளுக்கு நேராக வந்தால் ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று பொருள். ஆனால் இது பாதி உண்மைதான். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றும் நான்கும் ஒரே நேரத்தில் மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும்போது மற்றொன்று புகையைத் தள்ளி முடித்துக் காற்றை இழுக்கத் தொடங்கும் நிலையில் இருக்கும். எது எது என்று ராக்கரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மேலே வந்து மூடி முடியும் தருணத்தில் அதன் இன்லெட் வால்வு கீழே இறங்கத் தொடங்கினால், ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. அப்போது ஒன்றின் இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்தால் சிறிது ஆட வேண்டும். ஆடாமல் இறுக்கமாக இருந்தால் ஒரு சுற்று தள்ளி நிற்கிறீர்கள். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

நம் வண்டிகளில் உள்ள நான்கு சிலிண்டர் டீசல்களின் எரிப்பு வரிசை பெரும்பாலும் 1-3-4-2. இந்த வரிசைக்கு இரண்டே நிலையில் எட்டு வால்வுகளையும் முடிக்கலாம். ஒன்று கம்ப்ரஷனில் மேலே இருக்கும்போது ஒன்றின் இரண்டு வால்வுகள், இரண்டின் இன்லெட், மூன்றின் எக்ஸாஸ்ட் ஆகிய நான்கையும் வைக்கலாம். பிறகு புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றி, நான்கின் இரண்டு வால்வுகள், இரண்டின் எக்ஸாஸ்ட், மூன்றின் இன்லெட் ஆகியவற்றை வைக்கலாம்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்லித்தருவது வேறு முறை. சற்று நேரம் பிடித்தாலும் தவறு நேராது. எந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மேற்சொன்னபடி ஒன்று மூட, ஒன்று திறக்க நிற்கின்றனவோ, அதன் எண்ணை ஐந்திலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் வையுங்கள். நான்கு அப்படி மாறும்போது ஒன்று, இரண்டு மாறும்போது மூன்று, ஒன்று மாறும்போது நான்கு, மூன்று மாறும்போது இரண்டு. புல்லிக் குறி துருப்பிடித்து அழிந்துபோன பழைய வண்டிக்கும் இந்த முறை உதவும். முடித்த ராக்கரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நடுவே யாராவது கூப்பிட்டாலும் கணக்கு தப்பாது.

அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளுக்கு இந்த ஐந்துக் கணக்கு பொருந்தாது. அவற்றின் சிலிண்டர்கள் கிராங்க் 240 டிகிரி சுழலும்போது ஒவ்வொன்றாகக் கம்ப்ரஷனுக்கு வரும். இடைவெளியைக் கையால் வைக்கும் வகை மூன்று சிலிண்டர் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இடைவெளியைப் பார்ப்பதும் வைப்பதும்

திருகைத் தொடுவதற்கு முன் எல்லா வால்வுகளின் இப்போதைய இடைவெளியையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இந்த வேலை முழுவதிலும் மிகுந்த பலன் தருவது இதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அளக்கும்போது தகட்டில் ஒரு துளி ஆயில் தடவி, வால்வு நுனிக்கும் ராக்கருக்கும் இடையே நேராக நுழையுங்கள். சாய்வாக நுழைத்தால் பொய்யான அளவு காட்டும். சரியான இடைவெளியில் தகடு தடையின்றி நுழையும், ஆனால் இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வரும். இரண்டு நோட்டுப் புத்தகத் தாள்களுக்கு இடையே இருந்து ஒரு தாளை உருவுவதுபோல் இருக்கும். கையின் உணர்வு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒரு சோதனையும் செய்யுங்கள்: உரிய அளவைவிட 0.05 கூடுதலான தகடு நுழையக் கூடாது, 0.05 குறைந்த தகடு எந்தப் பிடிப்பும் இல்லாமல் போய்வர வேண்டும்.

வைக்கும்போது ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை உள்ளே வைத்தபடியே திருப்புளியால் திருகை மெல்ல இறக்கி, அந்த லேசான பிடிப்பு வந்ததும் நிறுத்துங்கள். திருப்புளியைக் கையிலிருந்து விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது திருகும் கூடவே சிறிது சுழலும். இடைவெளி பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. எனவே நட்டு இறுகிய பிறகு தகட்டை மீண்டும் நுழைத்துப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகாதீர்கள். எட்டும் முடிந்ததும் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை அளப்பேன். எட்டில் ஒன்றாவது மாறியிருப்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

தகடு சரியாகவே காட்டுகிறது, ஆனால் சத்தம் நிற்கவில்லை என்ற நிலை வரும். அப்போது ராக்கரின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். பல லட்சம் முறை அடிபட்ட நுனியில் வால்வுத் தண்டின் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழியின் மேல் பாலம்போல உட்கார்ந்துவிடுவதால், 0.40 என்று காட்டும் இடத்தில் உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். ராக்கரை மாற்றுவதுதான் தீர்வு. இடைவெளியை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது தீர்வல்ல.

கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் புஷ் ராடு உள்ள இன்ஜினில் ஒவ்வொரு ராடையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுழலாமல் அசைந்து அசைந்து சுழன்றால் வளைந்திருக்கிறது என்று பொருள். நம் மலைப்பாதையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க நான்காம் கியரிலிருந்து மூன்றுக்குப் போட நினைத்து, அவசரத்தில் கியர் தப்பி இன்னும் கீழே விழுந்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றும். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாவிட்டாலும் இது நடக்கும், டீசலைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் தடுக்க முடியாது. அந்த வேகத்தில் ஸ்பிரிங்குகளால் வால்வை நேரத்துக்குத் திருப்ப முடியாமல், பிஸ்டன் வால்வைத் தொட்டு ராடு வளையும். ‘நேற்று இறங்கும்போது ஒருமுறை அலறிவிட்டது’ என்று ஓட்டுநர் சொன்னால், டேப்பெட் வைப்பதோடு நிறுத்தாமல் கம்ப்ரஷனையும் பாருங்கள்.

மூடியைப் போடுவது சிறிய வேலைதான். ரப்பர் காஸ்கெட் தட்டையாகிக் கெட்டியாகியிருந்தால் புதிது போடுங்கள். அதற்குப் பதிலாக ஒட்டும் பேஸ்ட்டை வாரிப் பூசினால், உள்பக்கம் பிதுங்கிய துண்டு கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்து, ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, புத்தகம் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதியது சொல்லும் செய்தி

ஒரே அளவுக்கு வைத்து அனுப்பிய வால்வுகள் அடுத்த முறை வரும்போது என்ன ஆகியிருக்கின்றன என்பதில்தான் இன்ஜினின் உடல்நிலை இருக்கிறது. இடைவெளி கூடியிருந்தால் ராக்கர், கேம், புஷ் ராடு ஆகியவற்றில் ஏதோ தேய்கிறது, அல்லது லாக் நட்டு தளர்ந்திருக்கிறது. இடைவெளி குறைந்திருந்தால் வால்வு தன் சீட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது, அல்லது அதன் கழுத்து சூட்டில் நீண்டுகொண்டிருக்கிறது. எல்லா எக்ஸாஸ்டுகளும் சீராக 0.03, 0.04 குறைவது வழக்கமான தேய்மானம். ஏழு வால்வுகள் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் 0.40-லிருந்து 0.30-க்கும், மறுமுறை மீண்டும் 0.30-க்கும் வந்தால், அந்த வால்வு கெட்டுக்கொண்டிருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் 0.40-க்கு வைத்து அனுப்பலாம், வண்டியும் ஓடும். ஆனால் மூன்றாம் முறை அப்படி வந்தால் நான் ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிடுவேன். கருகுவதற்கு முன் கழற்றினால் லேப்பிங் செய்து, அதாவது வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தி, தேவைப்பட்டால் ஒரு வால்வோ சீட்டோ மாற்றி முடிக்கலாம். கருகி உடைந்த பிறகு கழற்றினால் பிஸ்டனும் டர்போவும்கூடச் செலவுக் கணக்கில் சேரும்.

கருகத் தொடங்கிவிட்ட வால்வைக் கழற்றாமலே அறிய வழி உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பது, ஐடிலில் இன்ஜின் ஒரு தாளத்தில் குலுங்குவது, சைலன்சர் வாயில் கையைக் காட்டினால் சீரான மூச்சுக்கு நடுவே ஒரு ‘புஸ்’ விட்டுவிட்டு வருவது ஆகியவை அடையாளங்கள். சந்தேகப்படும் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, குளோ பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று ஏறும்போது கிராங்க் சுழல முயலும் என்பதால் கைப்பிடியைப் புல்லியிலிருந்து எடுத்துவிட்டு விலகி நின்று ஏற்றுங்கள். சைலன்சர் வழியாகக் காற்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

மலை வண்டிக்கு எப்போது பார்க்க வேண்டும்

2,400 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,200 முறை திறந்து மூடுகிறது. இருபது நிமிட ஏற்றத்தில் 24,000 முறை, அதுவும் முழுச் சுமையில், உச்ச வெப்பத்தில். சமவெளியில் ஓடும் வண்டிக்கும் இதற்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து. புத்தகம் 40,000 கிலோமீட்டர் என்றால், வாரத்தில் மூன்று நான்கு முறை குமுளியோ போடிமெட்டோ ஏறும் வண்டிக்கு நான் 20,000-லேயே பார்க்கிறேன். ஹெட் வேலை செய்த இன்ஜினை முதல் 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். புதிய சீட்டும் வால்வும் உட்காரும்போது இடைவெளி மாறும்.

டேப்பெட்டைச் சரியாக வைத்தாலும் எக்ஸாஸ்ட் சூட்டைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் பலன் நிற்காது. அடைத்த ஏர் ஃபில்டர், காற்றைக் குறைத்துச் சூட்டைக் கூட்டும். காற்றடிக் காலத்தில் அதை இரு மடங்கு அடிக்கடி பாருங்கள். போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால், டர்போ இல்லாத பழைய இன்ஜின் கீழே விடாத கரும்புகையை மேலே விடும். புகை வந்தால் மேலும் மிதிக்காமல் ஒரு கியர் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவைத்து ஏறுவது டீசலை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் அந்தக் குறைந்த வேகத்தில் வாட்டர் பம்பும் மெதுவாகவே சுழல்கிறது, சிலிண்டருக்குள்ளோ முழுச் சூடு; எக்ஸாஸ்ட் வால்வு தாங்காது.

ரேடியேட்டரில் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தையும் விட வேண்டும். அதன் உப்பு ஹெட்டுக்குள் வால்வு சீட்டைச் சுற்றியுள்ள குறுகிய பாதையில்தான் முதலில் படியும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் சீட்டின் சூடு இறங்காது. கூலன்ட்டை உரிய விகிதத்தில் கலந்து ஊற்றி, புத்தகம் சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். ஆயிலுக்கும் இதே கவனம் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருந்தால், சாம்பல் குறைந்த வகை ஆயிலையே ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய கேனில் மிச்சம் இருக்கிறதென்று அதில் ஊற்றக் கூடாது.

குமுளி ஏறி முடித்ததும் செக்போஸ்ட் வரிசையில் நிற்க நேர்ந்தால், டர்போ உள்ள இன்ஜினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். டேப்பெட் வைத்த பிறகு முதல் மலைப்பயணம் போய்வந்த வண்டியை மறுநாள் காலையில் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். ஹெட் கவரின் பின்மூலையில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, குளிர்ந்த ஸ்டார்ட்டில் காதைக் கொடுத்துக் கேட்டு, கேட்டதை அதே நோட்டில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வையுங்கள்.